வெறும் காமிக்ஸ்தானே என்று விட்டுவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஃபுளோரிடாவில் ஆறாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் காமிக்ஸைத் தவிர வேறு எதையும் கையில் எடுப்பதில்லை. யாரோ ஆட்சேபம் எழுப்பியதால் அவனுடைய பள்ளி நூலகத்தில் சில கிராஃபிக் நாவல்களை, அதாவது புத்தக நீளத்துக்கு வரும் காமிக்ஸை, இப்போது அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்தச் சாக்கிலாவது உண்மையான புத்தகங்களுக்கு வருவான் என்று உங்களுக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம் மனம் உறுத்துகிறது. வெறும் காமிக்ஸுக்காக, ஆட்சேபத்தை விசாரிக்கும் கூட்டத்துக்குப் போய்ப் பேச வேண்டுமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. காமிக்ஸ் வாசிப்பது வாசிப்புதானா என்பது ஒன்று. அது போனால் எதையாவது இழக்கிறோமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆம் என்பதே என் பதில். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு உறுதியோடு அதைச் சொல்ல முடியாது.

வேறொரு மாநிலத்தில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள ஒரு பொதுப்பள்ளியில் 17 ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வது ஒரு நூலகர் தன் வேலைக்காகக் கற்றுக்கொண்ட அளவுதான். ஆட்சேபங்களை விசாரிக்கும் மறுஆய்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். புத்தகங்களைக் காப்பாற்றவும் செய்திருக்கிறேன், இது இந்த வயதுக்கு வேண்டாம் என்று மேல்வகுப்புக்கு அனுப்பவும் செய்திருக்கிறேன்.

முதலில் வாசிப்பைப் பார்ப்போம். காமிக்ஸ் பக்கத்தில் ஒரு படக் கட்டத்தில் மேசையின் ஓரத்தில் ஒரு கோப்பை. அடுத்த கட்டத்தில் தரையில் சில்லுகள். கோப்பை விழுந்ததை யாரும் வரையவில்லை. இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருக்கும் அந்த வெள்ளை இடைவெளியில் அதை விழ வைத்தவர் வாசகர்தான். காமிக்ஸ் கலையைப் பற்றி 1993இல் ஒரு முழு நூலையே காமிக்ஸ் வடிவில் எழுதிய ஸ்காட் மெக்லவுட், இந்த இடைவெளியில்தான் காமிக்ஸின் உயிர் இருக்கிறது என்று வாதிட்டார். பின்னர் நீல் கோன் போன்ற ஆய்வாளர்கள் செய்த சோதனைகள், இந்தத் தொடரைப் புரிந்துகொள்ளும் திறன் பழகிப் பழகி வருவது என்று காட்டியிருக்கின்றன. படம் பார்க்கத் தெரிந்த எல்லோருக்கும் அது தானாக வந்துவிடாது. காமிக்ஸ் பழக்கமில்லாத பெரியவர்கள் எந்தப் பேச்சுக் குமிழியை முதலில் படிப்பது என்று தடுமாறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். உங்கள் மகன் அங்கே தடுமாற மாட்டான்.

ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு நாட்டிலிருந்து ஏழாம் வகுப்பின் நடுவில் வந்து சேர்ந்தவள். ஆங்கிலம் மிகக் குறைவு. மதிய இடைவேளையில் நூலகத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்து, தடித்த கிராஃபிக் நாவல் ஒன்றைப் பல நாட்களாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வசனமே இல்லாத ஒரு கட்டத்தில் அவள் கை நின்றது. ஒரு சிறுவனின் முகம் மட்டும் இருந்த கட்டம். சற்று நேரம் பார்த்துவிட்டுப் பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். அங்கே அதே சிறுவன் தன் அம்மாவிடம் ஏதோ சொல்லும் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். மறுபடி முன்னால் வந்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "அப்போது பொய் சொன்னான்" என்றாள். அந்தப் புத்தகத்தை நான் முன்பே இரண்டு முறை படித்திருந்தேன். அந்த முகத்தை இப்படிப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. முன்னே படித்ததைச் சந்தேகப்பட்டு, சான்று தேடிப் பின்னால் போவது. எங்கள் பள்ளியின் ஆங்கில ஆசிரியர்கள் ஓர் ஆண்டு முழுவதும் கற்பிக்கப் பாடுபடுவது இதைத்தான்.

சொல்வளம் குறையுமே என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். இதற்கு அடிக்கடி காட்டப்படும் ஒரு கணக்கு உண்டு. 1988இல் டொனால்ட் ஹேய்ஸும் மார்கரெட் அரென்ஸும் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் சொற்களுக்கு எத்தனை அரிய சொற்கள் வருகின்றன என்று எண்ணினார்கள். குழந்தைகளுக்கான நூல்களில் 30.9. பெரியவர்களுக்கான நூல்களில் 52.7. காமிக்ஸில் 53.5. பட்டம் பெற்ற பெரியவர்கள் நண்பர்களோடு பேசும் பேச்சில் 17.3தான். இந்த எண்களைக் கூட்டங்களில் நானும் சொல்லியிருக்கிறேன். கூடவே அவற்றின் எல்லையையும் சொல்லிவிடுவேன். அவை அந்தக் காலத்துக் காமிக்ஸை எண்ணிப் பார்த்தவை. இன்று ஆறாம் வகுப்பு மாணவர்கள் விரும்பும் பள்ளிக்கூட நட்புக் கதைகளில் மொழி இன்னும் எளிமையாக இருக்கும். மேலும், அரிய சொல் பக்கத்தில் இருப்பது வேறு, அது பிள்ளையின் மனதில் தங்குவது வேறு. காமிக்ஸ் என்றாலே மொழி வறண்டது என்ற எண்ணத்தை உடைக்க இந்தக் கணக்கு போதும். அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றக் கூடாது.

இன்னொரு வாதத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இன்று காமிக்ஸ், நாளை தடித்த நாவல் என்று படிக்கட்டு போலச் சொல்வார்கள். நூலகர்களே இதை அதிகம் சொல்கிறோம், ஏனென்றால் பெற்றோருக்கு அது ஆறுதலாக இருக்கிறது. என் மாணவர்களில் சிலர் அப்படி ஏறிப் போனார்கள். சிலர் கடைசிவரை காமிக்ஸிலேயே இருந்தார்கள், அதில் ஆழமாகப் போனார்கள். உங்கள் மகன் நாவலுக்கு வந்துவிடுவான் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. அதே அளவு உறுதியாக இதையும் சொல்கிறேன்: காமிக்ஸை எடுத்துவிட்டால் நாவலுக்கு வந்துவிடுவான் என்பதும் நடப்பதில்லை. அலமாரி காலியானபோது அந்தப் பிள்ளைகள் பக்கத்து அலமாரிக்கு நகர்ந்ததை நான் பார்த்ததில்லை. நூலகத்துக்கு வருவதை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் நிம்மதிக்கு ஆதாரமில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

இப்போது இரண்டாவது கேள்வி. நீக்கப்படும் புத்தகங்களில் கிராஃபிக் நாவல்கள் ஏன் இவ்வளவு எளிதாகச் சிக்குகின்றன? வாசிக்கத் திணறும் பிள்ளையை உள்ளே இழுக்கும் அதே தன்மைதான் காரணம். எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. முந்நூறு பக்க நாவல் ஒன்றை எதிர்க்க வேண்டுமானால் யாராவது அந்தப் பகுதி வரையிலாவது படித்தாக வேண்டும். காமிக்ஸில் ஒரு கட்டத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும், ஒரு நொடியில் தீர்ப்பு எழுதிவிடலாம்.

டென்னசி மாநிலத்தின் மக்மின் கவுண்டியில் 2022 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்' நூலை எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்திலிருந்து பள்ளி வாரியம் 10-0 என்ற வாக்கில் நீக்கியது. யூத இனப்படுகொலையில் உயிர் பிழைத்த தன் தந்தையின் கதையை ஸ்பீகல்மேன் வரைந்த நூல் அது. 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. சில வசைச்சொற்களும் ஒரு நிர்வாணப் படமும் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்தப் படம் ஒரு சிறு கட்டம். தற்கொலை செய்துகொண்ட தன் தாய் குளியல் தொட்டியில் கிடப்பதை மகன் வரைந்திருக்கிறார். கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அது நிர்வாணம். பக்கத்தோடு பார்த்தால் அது ஒரு மகனின் துக்கம்.

உங்கள் மாநிலத்திலேயே, வீரோ பீச்சில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளி 2023இல் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைத் தழுவிய கிராஃபிக் நாவலை எடுத்துவிட்டது. படுகொலையின் கொடுமையை அது குறைத்துக் காட்டுகிறது என்பது புகார். சிலைகள் நிற்கும் பூங்காவில் ஆன் நடக்கும் ஒரு காட்சி சர்ச்சைக்குள்ளானது. கலை வரலாற்றுப் புத்தகத்தில் நிர்வாணப் பெண் உருவத்தைப் பார்த்து மெய்மறந்ததாக நாட்குறிப்பின் முழுப் பதிப்பில் அந்தச் சிறுமியே எழுதியிருக்கிறாள். எழுத்தாக இருக்கும்போது கண்ணில் படாமல் கடந்த செய்தி, படமானதும் வழக்காகிவிட்டது.

ஒரு மறுஆய்வுக் கூட்டம் என் நினைவில் அப்படியே நிற்கிறது. குழுவில் ஏழு பேர். ஆட்சேபப் படிவத்தோடு ஒரே ஒரு கட்டத்தைப் பக்க அளவுக்குப் பெரிதாக்கிப் பிரதி எடுத்துப் பின் அடித்திருந்தார்கள். மூலத்தில் அது என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒரு பையன் தன் அறையில் கத்தியோடு உட்கார்ந்திருக்கும் படம். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே ஏழு பேரும் அதைப் பார்த்துவிட்டார்கள். முதலில் அந்தக் கட்டத்துக்கு முன்னும் பின்னும் உள்ள ஆறு பக்கங்களையாவது எல்லோரும் படிக்க வேண்டும், மீதியை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு மறுவாரம் கூட வேண்டும் என்று கேட்டேன். கத்தியை அவன் எடுத்தது அண்ணன் கொடுத்த ஒரு மரத்துண்டைச் செதுக்க. அண்ணன் இறந்து மூன்று பக்கங்கள் ஆகியிருந்தன. பெற்றோர் தரப்பிலிருந்து வந்த ஒரு தந்தை, முதல் நாளே நீக்க வேண்டும் என்று சொன்னவர், மறுவாரம் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு வந்தார். பக்கங்களில் காகித அடையாளங்கள் வைத்திருந்தார். இதில் வன்முறை இல்லை, ஆனால் சாவைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசுவதை ஆறாம் வகுப்பு தாங்குமா என்று தெரியவில்லை, எட்டாம் வகுப்புக்கு மட்டும் கொடுங்கள் என்றார். எனக்கு அது முழு உடன்பாடு இல்லை. ஆனால் அது படித்தவர் சொன்ன கருத்து. அவருடைய கருத்தே முடிவாயிற்று, நானும் அதற்கு மதிப்புக் கொடுத்தேன்.

இதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: எல்லாக் காமிக்ஸும் எல்லா வயதுக்கும் உரியவை அல்ல, ஆட்சேபிக்கும் பெற்றோர் எல்லோரும் கலையின் எதிரிகளும் அல்லர். அமெரிக்க நூலகச் சங்கம் அதிக எதிர்ப்புக்கு உள்ளான நூல் என்று 2021 முதல் 2023 வரை மூன்று ஆண்டுகள் முதலிடத்தில் வைத்தது மாயா கோபாபே தன் பாலின அடையாளத்தைப் பற்றி வரைந்த 'ஜெண்டர் குயீர்' என்ற கிராஃபிக் தன்வரலாறு. 2020இல் அதற்கு அலெக்ஸ் விருது கிடைத்தது. பெரியவர்களுக்காக எழுதப்பட்டு, பதின்வயதினருக்கும் பொருந்தும் நூல்களுக்குக் கொடுக்கும் விருது அது. உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் அதற்கு இடம் உண்டு என்பது என் கருத்து. பதினொரு வயதுப் பிள்ளைகள் இருக்கும் என் நூலகத்துக்கு அதை நான் வாங்கவில்லை. வாங்காததால் நான் யாருடைய உரிமையையும் பறித்ததாக நினைக்கவில்லை; வயதறிந்து தேர்வு செய்வதற்குத்தான் பள்ளி எனக்குச் சம்பளம் கொடுக்கிறது.

இங்கே எங்கள் தொழிலின் பிழை ஒன்றும் இருக்கிறது. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி வகைப்பாட்டில் காமிக்ஸுக்கு எண் 741.5. பூனைக்குட்டி நகைச்சுவையும், போர்க்கால நினைவுக் குறிப்பும், பெரியவர்களுக்கான தன்வரலாறும் எல்லாம் அந்த ஒரே எண்ணில் தோளோடு தோள் நிற்கும். நாவல்களை வயதுவாரியாகப் பிரிக்கும் நாங்கள் காமிக்ஸை வடிவத்தைப் பார்த்து ஒரே இடத்தில் குவித்துவிட்டோம். பெற்றோர் அதிர்ச்சி அடையும் பல சம்பவங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. என் நூலகத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பு அந்த அலமாரியை வயதுவாரியாகப் பிரித்தேன். புகார்கள் குறைந்தன, ஒரு புத்தகத்தையும் நீக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த அச்சம் புதியதும் அல்ல. 1948இல் அமெரிக்காவின் சில ஊர்களில் காமிக்ஸைக் குவித்து எரித்தார்கள். 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெடெரிக் வெர்தாம் காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்று நூல் எழுதினார். அதே ஆண்டு செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை விதித் தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். தலைப்பில் 'திகில்' என்ற சொல்லைக்கூட வைக்கக் கூடாது என்றது அது. வெர்தாம் தீய மனிதர் அல்லர். நியூயார்க்கின் ஹார்லெமில் ஏழைக் கறுப்பினத்தவருக்காக மலிவுக் கட்டண மனநல மருத்துவமனை நடத்தியவர். ஆனால் அவருடைய ஆவணங்களைப் பார்வையிட்ட ஆய்வாளர் கேரல் டில்லி, தன் முடிவுக்கு ஏற்றபடி பிள்ளைகளின் வாக்குமூலங்களை அவர் திரித்தும் கூட்டியும் எழுதியிருந்ததை 2012இல் வெளிப்படுத்தினார். கடைசிப் பதிப்பாளர்களும் அந்த விதித் தொகுப்பைக் கைவிட 2011 ஆயிற்று.

சட்டத்தில் உங்களுக்கு வேண்டியது மட்டும். 1982இல் பிக்கோ என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருத்து பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளி நூலகத்திலிருந்து நூல்களை வாரியம் நீக்க முடியாது என்ற பக்கம் சாய்ந்தது. ஆனால் நீதிபதிகளில் பெரும்பான்மையினர் ஒரே காரணத்தில் ஒன்றுபடவில்லை, அதனால் அந்தத் தீர்ப்பின் பலம் இன்றுவரை வாதத்துக்குரியது. 2025இல் டெக்சாஸ் பொது நூலக வழக்கு ஒன்றில் டெக்சாஸ் உள்ளிட்ட சில மாநிலங்களுக்கான ஐந்தாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர்மாறான நிலையை எடுத்தது. அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் ஃபுளோரிடா வராது. பாடத்திட்டம் வேறு, நூலகம் வேறு என்பதையும் கவனியுங்கள். 'மௌஸ்' போனது பாடத்திட்டத்திலிருந்து, அங்கே வாரியத்தின் கை ஓங்கியிருக்கும்.

உங்கள் மாநிலத்தில் 2023இல் வந்த சட்டப்படி, பாலியல் நடத்தையைக் காட்டுகிறது என்று ஆட்சேபம் வந்தால் 5 பள்ளி நாட்களுக்குள் அந்த நூலை எடுத்துவிட்டு, விசாரணை முடியும்வரை கொடுக்காமல் வைக்க வேண்டும். ஆகவே உங்கள் பள்ளியில் புத்தகம் அலமாரியில் இல்லை என்பதால் அது நீக்கப்பட்டுவிட்டது என்று பொருளாகாது. நாட்டளவில் வெளிவரும் எண்களைப் படிக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். எழுத்தாளர்களின் கருத்துச் சுதந்திரத்துக்காக இயங்கும் பென் அமெரிக்கா அமைப்பு 2023-24 கல்வியாண்டில் 10,046 தடைகளைப் பதிவு செய்தது. விசாரணைக்காகத் தற்காலிகமாக எடுக்கப்பட்டவையும் அதில் உண்டு. நூலகச் சங்கம் எதிர்ப்புகளை எண்ணுகிறது, அதன் எண் வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைப் பொய் என்று சொல்பவர்களைக் கூட்டத்தில் நீங்கள் சந்திப்பீர்கள்.

விசாரணையில் இருக்கும் நூல் திரும்பி வரவும் செய்யும். ஜெரி கிராஃப்டின் 'நியூ கிட்' 2020இல், சிறந்த சிறுவர் நூலுக்கான நியூபெரி பதக்கம் வென்ற முதல் கிராஃபிக் நாவல். டெக்சாஸின் கேட்டி நகரப் பள்ளி நிர்வாகம் 2021 அக்டோபரில் அதை எடுத்துவிட்டது, ஆசிரியரின் இணையவழிச் சந்திப்பையும் நிறுத்தியது. குழு படித்துப் பார்த்தது. அதே மாதத்தில் நூல் அலமாரிக்குத் திரும்பியது.

எனவே கூட்டத்துக்குப் போங்கள். ஃபுளோரிடாவில் ஆட்சேபத்தை விசாரிக்கும் குழுக் கூட்டங்கள் முன்னறிவிப்போடு, எல்லோருக்கும் திறந்ததாக நடக்க வேண்டும். அந்த நூல்களைப் பயன்படுத்தும் மாணவர்களின் பெற்றோரும் குழுவில் இருக்க வேண்டும். நீங்களே உறுப்பினராகச் சேர முடியுமா என்று பள்ளியில் கேளுங்கள். எந்த நூல்கள், எந்தக் காரணத்துக்காக, யாருடைய உத்தரவில் எடுக்கப்பட்டன என்று எழுத்தில் கேளுங்கள். நூலகரிடம் கோபப்படாதீர்கள், பெரும்பாலும் அவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர். பள்ளி நூலகத்தில் இல்லாத நூல் உங்கள் கவுண்டியின் பொது நூலகத்தில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அங்கிருந்து எடுத்து முழுதாகப் படியுங்கள். படித்த பிறகு இது என் மகனுக்கு இப்போது வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள், மற்றப் பிள்ளைகளுக்குத் தடை கேட்காமல் உங்கள் மகனுக்கு மட்டும் அதைக் கொடுக்க வேண்டாம் என்று கேட்க முடியும்.

போவதற்கு முன்னால் ஒரு மாலை உங்கள் மகன் பக்கத்தில் உட்காருங்கள். அவன் ஏற்கெனவே படித்த ஒரு காமிக்ஸை எடுத்து, வசனமே இல்லாத ஒரு கட்டத்தைக் காட்டி, இங்கே இவன் மனதில் என்ன ஓடுகிறது, அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். அவன் பின்னால் புரட்டுவான். எந்தப் பக்கத்துக்குப் போகிறான், என்ன சொல்கிறான் என்று எழுதி வைத்துக்கொண்டு, கூட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடங்களில் அதைப் படித்துக் காட்டுங்கள்.